லாகீஸ்: எரிந்த ஓர் அடுக்குக்கு கி.மு. 701 என்ற ஆண்டு வந்த வழி

கேட்கப்பட்ட கேள்வி இது: பைபிளில் வரும் லாகீஸ் நகரத்தின் மூன்றாம் அடுக்கு கி.மு. 701-ல் அசீரியப் படையால் எரிக்கப்பட்டது என்று நூலுக்கு நூல் எழுதுகிறார்கள். மண்ணில் ஆண்டு எழுதியிருக்காதே, ஒற்றை ஆண்டை எப்படிச் சொல்ல முடிகிறது? அந்த மேடு லாகீஸ்தான் என்பதாவது உறுதியா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஊர் தவறினால் ஆண்டும் தவறிவிடும்.

மேட்டின் அரபுப் பெயர் டெல் எத்-துவெய்ர். எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், யூதேயா மலைத்தொடருக்கும் கடலோரச் சமவெளிக்கும் இடையிலுள்ள ஷெபேலா என்ற தாழ்குன்றுப் பகுதியில் இருக்கிறது. அடிவாரத்தோடு சேர்த்து ஏறக்குறைய 30 ஏக்கர். 1890-ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி லாகீஸைத் தேடித் தோண்டியது இந்த மேட்டை அல்ல. இதற்கு மேற்கே இருக்கும் டெல் எல்-ஹெசி என்ற வேறொரு மேட்டை. பானை ஓடுகளின் வடிவம் அடுக்குக்கு அடுக்கு மாறுவதை வைத்தே காலம் சொல்லலாம் என்று அவர் நிறுவியது அங்கேதான். ஊரின் பெயர் தவறாகப் போனாலும் அந்த முறை நிலைத்துவிட்டது. ஹெசியின் மேல்தளம் மிகச் சிறியது. எருசலேமுக்கு அடுத்த நிலையில் இருந்த ஒரு நகரம் அதில் அடங்காது. 1929-ல் அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் ஆல்பிரைட், லாகீஸ் எத்-துவெய்ராகத்தான் இருக்க வேண்டும் என்றார். நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதிய ஊர்ப்பெயர்த் தொகுப்பு, இன்றைய பெத் குவ்ரினிலிருந்து ஏழாவது மைல்கல் அருகே லாகீஸை வைக்கிறது. தூரம் அச்சாகப் பொருந்தவில்லை, சுற்றுவட்டாரம் பொருந்துகிறது.

‘இது லாகீஸ்’ என்று பொறித்த கல் எதுவும் வாசலில் கிடைக்கவில்லை. அதனால் 1980-களில்கூடச் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள். அந்தச் சந்தேகம் வலுப்பெறாமல் போனதற்கு முக்கியக் காரணம் முற்றுகைச் சாய்தளம். அசீரிய மன்னன் சனகெரிப் நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் லாகீஸ் முற்றுகையைச் செதுக்கி வைத்து, ‘உலக மன்னன், அசீரிய மன்னன் சனகெரிப் அரியணையில் அமர்ந்தான், லாகீஸின் கொள்ளைப்பொருள் அவன் முன் கடந்து சென்றது’ என்ற பொருளில் மேலே எழுதியும் வைத்தான். அந்தச் சிற்பத்தில் மதிலை நோக்கி மேடு கட்டி இடிப்பொறிகளை ஏற்றுகிறார்கள். யூதா நாட்டு நகரங்களில் அப்படிப்பட்ட அசீரியச் சாய்தளம் மண்ணில் எஞ்சியிருப்பது எத்-துவெய்ரின் தென்மேற்கு மூலையில்தான்.

இனி அடுக்குகள். ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி தலைமையில் பிரிட்டிஷ் குழு 1932 முதல் 1938 வரை தோண்டியது. 1938 ஜனவரியில் ஸ்டார்க்கி எருசலேம் செல்லும் வழியில் ஆயுதக் கும்பலால் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் பொருள்களையும் வைத்து ஓல்கா டஃப்னல் இருபது ஆண்டுகள் உழைத்து அறிக்கையை முடித்தார். அந்தப் பெண்மணியின் பொறுமை இல்லையென்றால் இன்று நாம் பேசுவதில் பாதி இருக்காது. யோஹனான் அஹரோனி 1966, 1968 ஆண்டுகளில் சிறிய அளவில் தோண்டினார். 1973 முதல் 1994 வரை டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டேவிட் உசிஷ்கின் நடத்தியதுதான் பெரிய அகழாய்வு. அதன் ஐந்து தொகுதி அறிக்கை 2004-ல் வந்தது. 2013-க்குப் பிறகு யோசெஃப் கார்ஃபிங்கல் குழுவும், அடுத்து ஓர் ஆஸ்திரியக் குழுவும் வேலை செய்தன.

அடுக்குகளுக்கு மேலிருந்து கீழாக எண் தருகிறார்கள். முதலாம் அடுக்கு பாரசீக, கிரேக்க காலம். இரண்டாவது பாபிலோனியர் அழித்த ஊர். மூன்றாவது நம் கேள்விக்குரியது. நான்கும் ஐந்தும் அதற்கு முந்தைய யூதா நகரங்கள். ஆறு, கானானியரின் கடைசி நகரம். அதன் அழிவின் அடியில் எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேசின் பெயர் பொறித்த வெண்கலத் துண்டு கிடைத்ததால், அந்த நகரம் அவன் ஆட்சிக்கு முன்பு அழிந்திருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. யோசுவா லாகீஸைப் பிடித்ததாகச் சொல்லும் யோசுவா 10-ஆம் அதிகாரத்தோடு இதைப் பொருத்த நினைப்பவர்கள் முதலில் இந்தத் துண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுக்கு என்றதும் ஒரே மட்டத்தில் படிந்த பலகைகள் போலக் கற்பனை செய்துவிடக் கூடாது. ஊர் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஓரங்களில் தரை சரிகிறது. வடக்கே 268 மீட்டர் மட்டத்தில் இருக்கும் தரையும் தெற்கே 266 மீட்டரில் இருக்கும் தரையும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆகவே உயரத்தை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. தரை எந்தச் சுவரைத் தொடுகிறது, எந்தச் சுவர் எந்தத் தரையை வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான முறை இது: 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டி, சதுரங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மண்ணைத் தொடாமல் விட்டு, உள்ளே 4 மீட்டருக்கு 4 மீட்டர் மட்டும் தோண்டுவார்கள். தொடாமல் விட்ட அந்த மண்சுவரின் முகத்தில் எல்லா அடுக்கும் கோடு கோடாகத் தெரியும். மார்ட்டிமர் வீலர் 1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கையாண்டதும், கேத்லீன் கென்யன் 1952 முதல் எரிகோவில் கையாண்டதும் இந்த மரபைச் சேர்ந்த முறைதான். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் புது எண். அந்த எண்ணுள்ள மண்ணில் வந்த ஓடுகள் தனிக் கூடையில், தனிச் சீட்டோடு போகும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது குழி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்காரர் ஒருவர் தானியக்குழியோ குப்பைக்குழியோ வெட்டினால் அது இரண்டாம் அடுக்கையும் மூன்றாம் அடுக்கையும் துளைத்துக்கொண்டு இறங்கும். குழியின் விளிம்பு கண்ணில் படாமல் தோண்டினால் பாரசீகக் காலத்து ஓடு எட்டாம் நூற்றாண்டுத் தரையில் கிடந்ததாகப் பதிவாகிவிடும். அந்த ஒரு ஓடு அடுக்கின் காலத்தையே 300 ஆண்டு பிந்தியதாக்கப் போதும். இரண்டாவது சுடாத செங்கல் சுவர். இடிந்து கரைந்த செங்கல்லும், நிற்கும் செங்கல்லும், கொட்டி நிரப்பிய மண்ணும் ஒரே களிமண். உச்சி வெயிலில் மூன்றும் ஒரே சாம்பல் நிறம். காலையில் மண் ஈரமாக இருக்கும்போது, அல்லது நிழல் கட்டித் தண்ணீர் தெளித்துக் கரண்டியால் மழித்தால்தான் செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்துக் கோடு தெரியும். அதைத் தவறவிட்டால் சுவரையே தோண்டி எறிந்துவிடுவோம். மூன்றாவது நிரப்பு மண். வீடு கட்டுபவர்கள் பழைய இடிபாட்டு மண்ணைக் கொட்டித்தான் மட்டம் செய்வார்கள். அதில் நூறாண்டு பழைய ஓடுகள் நிறையவே இருக்கும். அதனால் தரைக்குக் கீழே உள்ள நிரப்பு மண்ணில் மிகப் பழைய ஓட்டுக்கு மதிப்பில்லை. அதில் மிகப் பிந்திய ஓடு எது என்பதுதான் கணக்கு.

இந்தக் குழப்பங்கள் எல்லாம் குறையும் ஓர் இடம், எரிந்து விழுந்த வீடு. கூரை சரிந்து, செங்கல் சுவர் தீயில் வெந்து செந்நிறமாகி மேலே விழும்போது, தரையில் அன்று இருந்த பானைகள் இருந்த இடத்திலேயே நசுங்கி மூடப்படுகின்றன. ஓடுகளை ஒட்டினால் முழுப் பானை வரும். முழுப் பானையாக ஒட்ட முடிகிறது என்பதே அவை அந்தத் தரையில் அன்று புழங்கியவை என்பதற்குச் சாட்சி. லாகீஸின் மூன்றாம் அடுக்கு முழுக்க இப்படித்தான் இருக்கிறது. வாசலையொட்டிய வீடுகளிலும் கிடங்கறைகளிலும் வெந்த செங்கல் இடிபாடு பெருங்குவியலாக நின்றது. அதன் அடியில் அறை அறையாகப் பானைகள்.

அப்படியிருந்தும் அந்தத் தீ எந்த ஆண்டினது என்பதில் நாற்பது ஆண்டுகள் சண்டை நடந்தது. இந்தப் பதிலின் மையம் இந்தச் சண்டைதான்.

ஸ்டார்க்கிக்கு இரண்டாம், மூன்றாம் அடுக்குகளின் பானைகள் மிக நெருக்கமானவையாகத் தெரிந்தன. பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் யூதாவின் மேல் இரண்டு முறை வந்தான்: கி.மு. 597-ல் யூதா மன்னன் யோயாக்கீனைச் சிறைபிடித்தபோது ஒன்று, 587 அல்லது 586-ல் எருசலேமை அழித்தபோது ஒன்று. பத்தாண்டு இடைவெளி என்றால் பானைகள் ஒன்றுபோல இருப்பது இயல்பே. எனவே மூன்றாம் அடுக்கு 597, இரண்டாம் அடுக்கு 586 என்றார் ஸ்டார்க்கி. ஆல்பிரைட்டும் கென்யனும் அதே பக்கம். எதிர்ப்பக்கம் நின்றவர் டஃப்னல். ஓடுகளைக் கையில் வைத்துப் பிரித்தவர் அவர். இரண்டு அடுக்குக்கும் இடையே பத்தாண்டுக்கு மேற்பட்ட மாற்றம் இருக்கிறது, மூன்றாம் அடுக்கு 701-தான் என்று 1953-ல் வெளியான தொகுதியில் எழுதினார். பெரிய பெயர்கள் மறுபக்கம் இருந்ததால் அந்தக் கருத்துக்கு உரிய இடம் அப்போது கிடைக்கவில்லை.

597 கட்சிக்கு வலுவூட்டிய ஒரு முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘யோகினின் ஏவலாள் எலியாக்கீம்’ என்று பொறித்த முத்திரை பதிந்த ஜாடிக் கைப்பிடிகள் டெல் பெயித் மிர்சிம், பெத்ஷிமேஸ் ஆகிய இடங்களில் கிடைத்தன. யோகின் என்றால் மன்னன் யோயாக்கீன் என்று ஆல்பிரைட் எடுத்துக்கொண்டார். மன்னன் பெயர் கிடைத்துவிட்டால் ஆண்டும் கிடைத்துவிட்டது. யோயாக்கீன் ஆண்டதோ மூன்றே மாதம். அந்தக் கைப்பிடி வந்த அடுக்குகளெல்லாம் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று குறிக்கப்பட்டன. அவற்றை அளவுகோலாக வைத்து யூதாவின் மற்ற ஊர்களுக்கும் காலம் குறித்தார்கள். பிற்பாடு உசிஷ்கின், இந்த முத்திரை பதிந்த கைப்பிடிகள் லாகீஸ் மூன்றாம் அடுக்கில் கிடைக்கும் அரசு ஜாடி வகையைச் சேர்ந்தவை என்று காட்டினார். யோகின் யாரோ ஒரு கனவான், மன்னன் இல்லை. ஒரு பெயரை வேதத்தில் உள்ள பெயரோடு அவசரமாக முடிச்சுப் போட்டதால் பல ஊர்களின் காலக்கணக்கு நூறாண்டு தள்ளிப்போயிருந்தது. இந்தத் துறையில் கைப்பிடியில் பெயரைப் பார்த்ததும் கிளர்ச்சியடையும் எவரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி தீர்ப்பு வந்த வழி. உசிஷ்கினின் வாதம் பானைகளை மட்டும் நம்பியதல்ல. ஊர் எப்படி எரிந்தது, எப்போது எரியவில்லை என்பதையும் கணக்கில் எடுத்தது. கி.மு. 701-ல் லாகீஸ் போரில் பிடிபட்டது என்பது சிற்பத்தால் ஐயமற்றது. அப்படியானால் மேட்டில் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் முற்றுகையிட்டு எரித்த ஓர் அடுக்கு இருந்தே ஆக வேண்டும். மூன்றாம் அடுக்கை 597-க்குக் கொடுத்துவிட்டால், 701-க்கு மிஞ்சுவது நான்காம் அடுக்கு. ஆனால் நான்காம் அடுக்கு தீயில் முடியவில்லை. அதன் மதிலும் வாசலும் அப்படியே மூன்றாம் அடுக்கிலும் பயன்பட்டன. வீடுகள் மட்டும் மாறின. படையெடுத்துப் பிடித்து எரித்த நகரம் அப்படித் தொடராது. ஆக 701-ன் தீ, மூன்றாம் அடுக்கின் தீ. இரண்டாம் அடுக்கு அதற்குப் பிறகு ஒரு வெற்றிடத்துக்கு அப்பால், மெலிந்த மதிலோடும் சிறிய வாசலோடும் கட்டப்பட்ட வேறு ஊர். 1970-களில் வாசல் பகுதியில் இரண்டு அடுக்கையும் மேலும் கீழுமாகப் பெரிய பரப்பில் திறந்தபோது, இரண்டின் முழுப் பானைகளும் தெளிவாக வேறுபட்டன. இன்று இதை மறுப்பவர் அரிது.

இந்தத் தீர்ப்பு லாகீஸோடு நிற்கவில்லை. யூதாவின் எந்த ஊரில் இதே பானைத் தொகுதி வந்தாலும் அது எட்டாம் நூற்றாண்டின் இறுதி என்று சொல்ல முடிகிறது. அளவுகோல் ஊர் என்று இதை அழைப்பது இதனால்தான்.

கருகிய கொட்டை, மரம் போன்றவற்றில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் ரேடியோ கார்பன் முறையைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். இந்தக் காலத்துக்கு அது உதவாது. கி.மு. 800 முதல் 400 வரை வளிமண்டலக் கரிம அளவின் வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. 701-ல் கருகிய ஒலிவக் கொட்டையையும் 597-ல் கருகியதையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டுக்கும் பல நூறு ஆண்டு அகலமுள்ள ஒரே விடைதான் வரும். அண்மையில் வேறொரு வழி வந்திருக்கிறது: செங்கல் தீயில் வெந்து ஆறும்போது அந்நேரத்துப் பூமியின் காந்தப்புலத்தின் திசையும் வலிமையும் அதில் பதிந்துவிடுகின்றன. 2022-ல் வெளியான ஆய்வு 17 ஊர்களின் 21 அழிவு அடுக்குகளை இப்படி ஒப்பிட்டது. ஆண்டு உறுதியாகத் தெரிந்த அடுக்குகள் சில இருந்தால்தான் அந்த முறையும் நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முற்றுகை நடந்த மூலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மேட்டின் மற்றப் பக்கங்கள் செங்குத்தான சரிவு. தென்மேற்கில் மட்டும் பக்கத்துக் குன்றோடு ஒரு கழுத்துப்போல இணைப்பு இருக்கிறது. படை வருவதற்கு இயல்பான வழி அது. அங்கே அசீரியர்கள் கல்லைக் கொட்டிச் சாய்தளம் எழுப்பினார்கள். கல் உருளாமல் இருக்கவும் பொறிகள் மேலேறவும் மேற்புறத்தைச் சாந்து கொட்டி இறுக்கியிருந்தார்கள். ஸ்டார்க்கி காலத்தில் இந்தக் கற்குவியலை மதிலிலிருந்து உதிர்ந்தது என்று நினைத்து ஒரு பகுதியை அப்புறப்படுத்திவிட்டார்கள்; குறுக்கே பள்ளம் வெட்டிப் பார்த்த உசிஷ்கின்தான் அது வேண்டுமென்றே கட்டப்பட்டது என்று நிறுவினார். மொத்த எடை 13,000 முதல் 19,000 டன் வரை இருக்கலாம் என்பது அவர் கணக்கு. 2021-ல் கார்ஃபிங்கல் குழு வேறு வகையில் கணக்கிட்டது: ஒவ்வொன்றும் சுமார் 6.5 கிலோ, மொத்தம் சுமார் 30 லட்சம் கற்கள். சாய்தளத்தின் தொலைமுனையில் பாறை வெட்டி, ஆளுக்கு ஆள் கைமாற்றி, இரவு பகலாகச் செய்தால் ஏறக்குறைய 25 நாள். பெருக்கிப் பார்த்தால் 19,500 டன். இரு கணக்கும் ஒன்றையொன்று தொடுகின்றன. 25 நாள் என்பது எல்லாம் தடையின்றி நடந்தால் வரும் எண். மேலிருந்து அம்பும் கல்லும் விழும்போது மதிலை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்தான் உயிர் குடிக்கும் வேலை. அந்த நேரம் எந்தச் சூத்திரத்திலும் அடங்காது.

மதிலுக்கு உட்புறம், அதே இடத்துக்கு நேர் எதிரே, ஊர்க்காரர்கள் இடிபாட்டு மண்ணைக் குவித்து ஓர் எதிர்மேடு எழுப்பியிருக்கிறார்கள். மதில் உடைந்தாலும் அதன் பின்னால் இன்னொரு அரண் நிற்கட்டும் என்று. அந்த மூலையில் மட்டும் ஆயிரத்தை நெருங்கும் அம்புமுனைகள் கிடைத்தன. பெரும்பாலானவை இரும்பு; சில எலும்பு. பல முனைகள் வளைந்திருந்தன: நெருங்கிய தூரத்திலிருந்து வேகமாக எய்து மதிலில் மோதியதன் அடையாளம். கவண்கற்கள் கைக்குள் அடங்கும் உருண்டைகள், சுமார் 6 செ.மீ. விட்டம், கால் கிலோ எடை. துளையிட்ட பெருங்கற்கள் சிலவும் ஓர் இரும்புச் சங்கிலித் துண்டும் இருந்தன. கல்லைக் கயிற்றில் கட்டி இடிப்பொறியின் மேல் இறக்கவும், பொறியின் முனையைச் சங்கிலியால் பிடித்து இழுக்கவும் பயன்பட்டிருக்கலாம் என்பது உசிஷ்கினின் விளக்கம். சிற்பத்தில் மதில்மேல் நிற்பவர்கள் தீவட்டிகளை எறிகிறார்கள். பொறிக்குள் இருக்கும் அசீரிய வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் மொண்டு பொறியின் முகப்பில் ஊற்றுகிறான். மரமும் தோலும் கொண்டு செய்த பொறிக்கு நெருப்புதான் எமன் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சனகெரிப்பின் ஆண்டுக்குறிப்புகள் யூதாவில் 46 நகரங்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரைக் கொண்டுபோனதாகவும் எழுதுகின்றன. லாகீஸின் பெயர் அவற்றில் இல்லை. 2 இராஜாக்கள் 18, அசீரிய மன்னன் லாகீஸில் இருந்ததாகச் சொல்கிறது. நகரம் விழுந்ததை விவரிக்கவில்லை. முற்றுகையும் வீழ்ச்சியும் முழுதாகத் தெரிவது சிற்பத்திலும் மண்ணிலும்தான். எழுத்து மௌனமாக இருப்பதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மூன்றாம் அடுக்கின் ஜாடிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. நான்கு கைப்பிடியுள்ள பெரிய சேமிப்பு ஜாடி. கைப்பிடியில் ஈர மண்ணிலேயே முத்திரை. மேலே ‘மன்னனுக்குரியது’ என்ற பொருள் தரும் எழுத்து, நடுவில் நான்கு சிறகு வண்டு அல்லது இரு சிறகுச் சூரியன், கீழே எப்ரோன், சீப், சோக்கோ, ம-ம-ஷ-த என்ற நான்கு பெயர்களில் ஒன்று. நான்காவது எந்த ஊர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. லாகீஸில் மட்டும் 400-க்கு மேற்பட்ட முத்திரைக் கைப்பிடிகள் வந்தன. வண்டு முத்திரை முந்தியது, சூரிய முத்திரை பிந்தியது என்று முன்பு எழுதிவந்தார்கள். இரண்டு வகையும் ஒரே தீயில், ஒரே தரைகளில் கிடைத்ததும் அந்தப் பிரிவினை விழுந்தது. மண்ணைப் பகுத்தாய்ந்தபோது எல்லாம் ஷெபேலாவின் ஒரே களிமண் வளத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. நான்கு ஊர்ப் பெயர்கள் குயவர் இருந்த இடங்களைக் குறிக்கவில்லை என்றாயிற்று. ஒட்டி முழுதாக்கிய ஜாடிகளின் கொள்ளளவை அளந்தபோது ஏறக்குறைய 43 முதல் 52 லிட்டர் வரை மாறியது. ஆகவே முத்திரை அளவுக்கு உத்தரவாதம் என்ற விளக்கமும் நிற்காது. முத்திரையுள்ள ஜாடியும் முத்திரையில்லாத ஜாடியும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருந்தன. அசீரியப் படையெடுப்பை எதிர்பார்த்து யூதா மன்னன் எசேக்கியாவின் ஆட்சி எண்ணெய், திராட்சரசம் போன்றவற்றை ஊர்களுக்குப் பிரித்தனுப்பிய ஏற்பாடு என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சாதாரண அரசுத் தோட்ட நிர்வாகமே என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் அடுக்கில் இந்த வகை முத்திரைகளின் இடத்தைப் பூ முத்திரை பிடித்துக்கொள்கிறது. களத்தில் ஒரு கைப்பிடியைப் பார்த்தவுடன் எந்த அழிவுக்கு முந்தியது என்று சொல்ல இது எளிய வழி.

இரண்டாம் அடுக்கின் பெரும்பேறு, மையால் எழுதிய ஓடுகள். 1935-ல் வாசலின் காவலறைச் சாம்பலில் 18, பிற்பாடு 1938-ல் 3, மொத்தம் 21. ஓசாயா என்ற சிறிய அதிகாரி யாவோஷ் என்ற மேலதிகாரிக்கு எழுதியவை அவற்றில் பல. நான்காம் மடலில், ‘என் ஆண்டவர் தந்த குறிப்புகளின்படி லாகீஸின் தீக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை’ என்று வருகிறது. எரேமியா 34:7, அரணான பட்டணங்களில் லாகீஸும் அசெக்காவும்தான் மீந்தன என்கிறது. இரண்டையும் சேர்த்து, அசெக்கா விழுந்த நாளில் எழுதிய மடல் என்று உருக்கமாகச் சொல்வார்கள். மடல் அவ்வளவு சொல்லவில்லை. அங்கிருந்து அசெக்கா கண்ணுக்குத் தெரியாது என்பதாகவும் இருக்கலாம். ஓடுகளில் ஐந்து ஒரே ஜாடியின் துண்டுகள். வெவ்வேறு நாளில் வெளியூரிலிருந்து வந்த மடல்கள் ஒரே ஜாடியில் எப்படி அமையும் என்று கேட்டு, இவை லாகீஸிலேயே எழுதிய நகல்கள் அல்லது வரைவுகள் என்று யிகாயேல் யாதீன் வாதிட்டார். அந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ள முடியாது.

மை ஓடுகளைக் காப்பாற்றுவதில் கைவேலை மிக முக்கியம். கழுவும் தொட்டியில் ஓட்டைப் போட்டுத் தூரிகையால் தேய்த்தால் ஒரு நொடியில் எழுத்து போய்விடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையும் முதலில் தண்ணீரில் ஒருமுறை தோய்த்து, இரு பக்கமும் பார்த்து, கறுப்புக் கோடு இல்லை என்று உறுதியான பிறகே தூரிகை. ஈரத்தில் மை சற்றுத் துலங்கும். சந்தேகமானதை நிழலில் காயவைத்து அகச்சிவப்புப் படம் எடுக்க வேண்டும். ஆராத் கோட்டையில் பல பத்தாண்டுகளுக்கு முன் கிடைத்துக் காட்சியில் இருந்த 16-ஆம் எண் ஓட்டின் பின்பக்கத்தில், வெறுமையாக இருப்பதாக எல்லோரும் நினைத்த இடத்தில், பல அலைநீளப் படமெடுப்பால் எழுத்து வெளிப்பட்டதாக 2017-ல் வெளியானது.

புதிய செய்திகளில் இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. 2016-ல் வாசல் முழுதாகத் திறக்கப்பட்டது: பக்கத்துக்கு மூன்றாக ஆறு அறைகள், ஏறக்குறைய 24.5 மீட்டர் சதுரம். ஓர் அறையில் கொம்புகள் வெட்டப்பட்ட பலிபீடங்களும், துளையுள்ள இருக்கைக் கல் ஒன்றும் இருந்தன. அது கழிப்பறைக் கல், எசேக்கியா மேடைகள் எனப்படும் ஊர் வழிபாட்டிடங்களை அகற்றியதற்கு அடையாளமாக வழிபாட்டிடத்தைத் தீட்டுப்படுத்த வைத்தார்கள் என்றார் அகழ்ந்தவர். கல்லில் எடுத்த மண்ணை ஆய்ந்ததில் பயன்படுத்திய தடயம் இல்லை. சடங்காக வைத்ததற்கு அது சான்று என்பது அவர் வாதம். பயன்படுத்தாத கல்லுக்கு வேறு விளக்கமும் இருக்கலாம் என்பதால் நான் இதை உறுதியான பட்டியலில் சேர்க்க மாட்டேன். அதே ஆண்டு கிடைத்து 2022-ல் வாசிக்கப்பட்ட தந்தச் சீப்பு அப்படியல்ல, 3.5 செ.மீ. நீளமுள்ள அதில், தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரறுக்கட்டும் என்ற பொருளில் 17 எழுத்துகள் கானானிய மொழியில் இருக்கின்றன. எழுத்து தெளிவு. ஆனால் சீப்பு தன் அடுக்கை விட்டு வேறிடத்து மண்ணில் கிடந்ததால் அதன் ஆண்டை எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

ஐந்தாம் அடுக்கின் வழக்கு இன்னும் நடக்கிறது. வடக்குப் பக்கத்தில் ஒரு மதில் கண்டு, அதோடு சேரும் தரையிலிருந்து எடுத்த ஒலிவக் கொட்டைகளின் ரேடியோ கார்பன் ஆண்டைக் கொண்டு, இது சாலொமோனின் மகன் ரெகொபெயாம் கட்டியது என்று கார்ஃபிங்கல் குழு 2019-ல் எழுதியது. 2 நாளாகமம் 11-ல் ரெகொபெயாம் அரணாக்கிய ஊர்களில் லாகீஸ் இருக்கிறது. இந்தக் காலத்துக்கு வளைகோடு தட்டையாக இல்லை, ஆகவே கொட்டைகளின் ஆண்டில் சிக்கல் குறைவு. சிக்கல் மதிலோடு கொட்டைக்குள்ள உறவில். தரை மதிலைத் தொட்டு முடிகிறதா, அல்லது மதில் கட்டுவதற்கு வெட்டிய பள்ளம் அந்தத் தரையை அறுக்கிறதா என்பதுதான் கேள்வி. முதலாவது என்றால் மதில் அந்தத் தரையின் காலம் அல்லது அதற்கு முந்தியது. இரண்டாவது என்றால் பிந்தியது, நான்காம் அடுக்கினதாகவே இருக்கலாம். இதைப் பற்றிய கட்டுரையை எடுத்தால் ஆண்டுகளின் அட்டவணையைப் புரட்டும் முன் மண்சுவரின் வெட்டுமுகப் படத்தைத் தேடி, தரைக் கோடு மதிலில் போய் எப்படி முடிகிறது என்று பாருங்கள். இன்னொரு சதுரத்தில் அதே மதிலும் அதே தரையும், குழி எதுவும் துளைக்காத நிலையில் கிடைத்தால் வழக்கு முடியும்.

நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு: சிற்பப் பலகைகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு தனி அறையைச் சுற்றி இருக்கின்றன. இடமிருந்து வலமாக நடந்தால் படை, முற்றுகை, சிறைப்பட்டோர் வரிசை, அரியணை என்று கதை ஓடும். சனகெரிப்பின் முகத்தைப் பிற்காலத்தில் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். மை ஓடுகளில் பெரும்பாலானவையும் அங்கேயே, மற்றவை எருசலேமில். மேட்டுக்குப் போனால் வாசலுக்கு ஏறும் பாதையிலேயே தென்மேற்கு மூலையின் கற்குவியலைப் பார்த்துவிடலாம். உள்ளே அரண்மனை மேடை, நகருக்குத் தண்ணீர் தந்த 44 மீட்டர் ஆழக் கிணறு, தெற்கே 22 மீட்டருக்கு மேல் பாறையில் வெட்டிய பெரும் பள்ளம் ஆகியவை உண்டு. மேட்டில் நிழலே இல்லை. கோடையில் காலை எட்டு மணிக்கு முன் ஏறி, சாய்வெயில் இருக்கும்போதே மதிலின் செங்கல் வரிசைகளைப் பார்த்துவிடுவது நல்லது.